வீட்டு ஹீட்டிங், ஏசி வேலைக்கு லைசென்ஸும் பெர்மிட்டும்: அமெரிக்காவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கியவர்களும், ஹீட்டிங், ஏசி தொழிலில் இறங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஊர்க் கட்டடத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லைசென்ஸும் பெர்மிட்டும் ஒன்றுதானா?

இல்லை. லைசென்ஸ் ஆளுக்கு உரியது, பெர்மிட் வேலைக்கு உரியது. இந்த வேலையைச் செய்யும் தகுதி இவருக்கு உண்டு என்று மாநிலமோ நகரமோ தருவது லைசென்ஸ். இந்த முகவரியில் இன்ன வேலை நடக்கப்போகிறது, முடிந்ததும் எங்கள் ஆள் வந்து பார்ப்பார் என்று உள்ளூர்க் கட்டடத் துறை தருவது பெர்மிட். நல்ல லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட பெர்மிட் எடுக்காமல் வேலை செய்தால் அது விதிமீறலே. பலர் ஒப்பந்ததாரரின் லைசென்ஸ் எண்ணைப் பார்த்ததும் நிம்மதி அடைந்து பெர்மிட்டை மறந்துவிடுகிறார்கள். பிற்பாடு வரும் பெரும்பாலான தலைவலிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அமெரிக்கா முழுவதற்கும் செல்லும் ஒரே லைசென்ஸ் உண்டா?

ஒப்பந்ததாரர் லைசென்ஸ் அப்படிக் கிடையாது. அது மாநிலங்களின் அதிகாரம். நாடு முழுவதற்கும் பொதுவாக இருப்பது, ஏசிக்குள் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் குளிர்பதன வாயுவைக் கையாள்வதற்கான 608 சான்றிதழ் ஒன்றுதான். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் என்ன விதி?

அங்கே ஒப்பந்ததாரர்களுக்கான மாநில லைசென்ஸ் வாரியம் சி-20 என்ற வகையில் ஹீட்டிங், காற்றோட்டம், ஏசி வேலைக்கான லைசென்ஸைத் தருகிறது. குளிர்சாதன அறை, கடைகளின் குளிர்பதனப் பெட்டி போன்றவற்றுக்கு சி-38 என்று தனி வகை உண்டு. விண்ணப்பிப்பவருக்குக் கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியாக வேலை செய்த அனுபவம் வேண்டும். எடுபிடியாக உடன் இருந்த காலம் இதில் சேராது. உங்கள் வேலையை நேரில் அறிந்த ஒருவர், அதாவது முதலாளியோ சக தொழிலாளியோ ஒப்பந்ததாரரோ, அந்த அனுபவத்துக்குச் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும். தொடர்புள்ள பொறியியல் படிப்போ முறையான பயிற்சியோ இருந்தால் அதிகபட்சம் 3 ஆண்டு வரை கழித்துக்கொள்வார்கள்; குறைந்தது ஓராண்டாவது கையால் வேலை செய்திருக்க வேண்டும். மெக்கானிக்கல் பட்டம் ஒன்றையே நம்பி விண்ணப்பிப்பவர்கள் இந்த ஓராண்டில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தேர்வு இரண்டு தாள்: ஒன்று சட்டமும் வணிகமும், மற்றது தொழில். முதல் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். பத்து ஆண்டு கம்ப்ரசர் மாற்றிய கைக்கு ஒப்பந்தச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் தானாக வந்துவிடாது. தேர்ச்சி பெற்ற பிறகு 25,000 டாலர் பாண்டு, அதாவது வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால் கோருவதற்கான உத்தரவாதம், கட்ட வேண்டும் (2023 ஜனவரி 1-க்கு முன் இது 15,000-ஆக இருந்தது). அதே தேதியிலிருந்து, சி-20 லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒரு தொழிலாளியைக்கூட வைத்துக்கொள்ளாவிட்டாலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

சிறு வேலைகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைவாகவும், பெர்மிட் தேவைப்படாததாகவும், வேறு ஆளைக் கூலிக்கு வைக்காததாகவும் இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் செய்யலாம். 2024 முடியும் வரை இந்த வரம்பு 500 டாலர். பெரிய வேலையைச் சிறு சிறு பில்களாக உடைத்து இந்த விலக்குக்குள் புகுந்துவிட முடியாது. சட்டம் அதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

டெக்சாஸில்?

லைசென்ஸையும் ஒழுங்குமுறையையும் கவனிக்கும் மாநிலத் துறை இந்த லைசென்ஸைத் தருகிறது. இரண்டு வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பு எந்த அளவு இயந்திரத்துக்கும் செல்லும். பி வகுப்பில் குளிரூட்டல் 25 டன் வரை (டன் என்பது இங்கே எடை இல்லை, குளிர்விக்கும் திறனின் அளவு), வெப்பமூட்டல் மணிக்கு 15 லட்சம் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வரை. வீடுகளுக்கு பி வகுப்பே தாராளம். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் மேற்பார்வையில், கடந்த 72 மாதங்களுக்குள் 48 மாத அனுபவம் வேண்டும் என்பது பொதுவான வழி. லைசென்ஸ் எண் ஏ வகுப்புக்கு டி.ஏ.சி.எல்.ஏ. என்றும், பி வகுப்புக்கு டி.ஏ.சி.எல்.பி. என்றும் தொடங்கும். அந்த எண் வேலை வண்டியின் பக்கங்களிலும் விலைப்பட்டியலிலும் கட்டாயம் இருக்க வேண்டும். வாசலில் வந்து நிற்கும் வண்டியில் எண் எதுவும் இல்லையென்றால், கதவைத் திறக்கும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

ஃபுளோரிடாவில்?

அங்கும் ஏ, பி என்று இரண்டு வகுப்பு. பி வகுப்பின் வரம்பு 25 டன் குளிரூட்டல், 5 லட்சம் பி.டி.யு. வெப்பமூட்டல். மாநிலம் முழுவதும் செல்லும் லைசென்ஸ், குறிப்பிட்ட உள்ளூரில் மட்டும் செல்லும் பதிவு என்ற வேறுபாடும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஒப்பந்த வேலை செய்வது அங்கே குற்றம். ஆளுநர் அவசரநிலை அறிவித்திருக்கும் காலத்தில் அதே செயல் கடும் குற்றமாகிவிடும். புயல் ஓய்ந்த மறுநாள் வெளிமாநில வண்டிகள் தெருத் தெருவாக வந்து நிற்கும் இடம் அது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

மாநில லைசென்ஸே இல்லாத இடங்கள் உண்டா?

உண்டு. நியூயார்க், பென்சில்வேனியா, இல்லினாய் ஆகிய மாநிலங்களில் ஹீட்டிங், ஏசி ஒப்பந்ததாரருக்கு என்று மாநில அளவிலான தொழில் லைசென்ஸ் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று எண்ணிவிடக் கூடாது. நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் சொந்த விதிகளை வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஆண்டுக்கு 5,000 டாலருக்கோ அதற்கு மேலோ வீட்டு மேம்பாட்டு வேலை செய்பவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பதிவில் தொழில் தேர்வு எதுவும் கிடையாது. பதிவு எண்ணைப் பார்த்து, தொழில் தெரிந்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

608 சான்றிதழ் என்றால் என்ன? யாருக்கு வேண்டும்?

தூய காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவின் கீழ், குளிர்பதன வாயு ஓடும் சுற்றைத் திறக்கக்கூடிய எந்த வேலையைச் செய்பவருக்கும் சான்றிதழ் வேண்டும். 1994 நவம்பர் 14 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வாயுவை நிரப்புவதும் எடுப்பதும் மட்டும் இதில் அடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அழுத்தமானியின் குழாயை யூனிட்டில் மாட்டுவதும்கூட இதில் சேரும்.

வகைகள் நான்கு. தொழிற்சாலையிலேயே அடைத்து வரும், 5 பவுண்டு அல்லது அதற்குக் குறைவான வாயு கொண்ட சிறு சாதனங்களுக்கு முதல் வகை. ஜன்னல் ஏசி, வீட்டு ஃபிரிட்ஜ் எல்லாம் இதில் வரும். வீட்டு ஸ்பிளிட் ஏசி, ஹீட் பம்ப் (குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் இயந்திரம்) போன்ற உயர் அழுத்தச் சாதனங்களுக்கு இரண்டாம் வகை. பெரிய கட்டடங்களைக் குளிர்விக்க நீரைக் குளிராக்கும் தாழ் அழுத்தச் சில்லர்களுக்கு மூன்றாம் வகை. மூன்றிலும் தேர்ச்சி பெற்றால் அது யுனிவர்சல். தேர்வில் பொதுப்பகுதி ஒன்றும் மூன்று வகைகளுக்கான பகுதிகளும் இருக்கும். ஒவ்வொன்றிலும் 25 கேள்விகள், 70 சதவீதம் எடுக்க வேண்டும். ஒருமுறை பெற்றால் காலாவதி கிடையாது. அதனால் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். தேர்வு நடத்திய நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் நகல் வாங்குவது பெரும்பாடு.

சான்றிதழ் இல்லாதவருக்குக் கடைக்காரர் வாயு விற்கக் கூடாது. ஆர்-22 போன்ற பழைய வாயுக்களுக்கு மட்டும் இருந்த இந்தத் தடை, 2018 ஜனவரி 1 முதல் ஆர்-410ஏ போன்றவற்றுக்கும் விரிந்தது. கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் சான்றிதழ் பெற்ற ஒருவரின் நேரடியான, தொடர்ச்சியான மேற்பார்வையில் வேலை செய்யலாம். அவர் பக்கத்துத் தெருவில் வேறு வேலையில் இருந்துகொண்டு போனில் வழிகாட்டினால் அது மேற்பார்வை ஆகாது.

காரின் ஏசி இதில் வராது. அதற்கு 609 என்ற தனிப் பிரிவு உண்டு.

608 இருந்தால் ஒப்பந்ததாரராகிவிடலாமா?

முடியாது. அது வாயுவைக் கையாளத் தெரியும் என்பதற்கான சான்று. தொழில் நடத்த உரிமம் இல்லை. விளம்பரங்களில் "இ.பி.ஏ. லைசென்ஸ் பெற்றவர்" (இ.பி.ஏ. என்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) என்று போட்டிருந்தால், மாநில லைசென்ஸ் எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

பழைய யூனிட்டைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியதை வைக்கிறேன். அதற்கும் பெர்மிட்டா?

ஆம். ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் வேண்டும். "இருந்த இடத்தில்தானே வைக்கிறோம்" என்பது மிக அதிகமாகக் கேட்கும் வாதம். இடம் அதேதான், ஆனால் புதிய யூனிட்டின் மின்தேவை வேறாக இருக்கலாம், வாயு வேறு, புகைபோக்கியின் தேவை வேறு. ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் உலை) மாற்றுகிறீர்கள் என்றால் மெக்கானிக்கல் பெர்மிட்டோடு மின்சார பெர்மிட்டும், எரிவாயுக் குழாயைத் தொட்டால் அதற்கான பெர்மிட்டும் சேரலாம். சில ஊர்கள் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் முடித்துவிடும்.

எதற்கெல்லாம் பெர்மிட் தேவையில்லை?

நாட்டின் பெரும்பகுதியில் பின்பற்றப்படும் பன்னாட்டுக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின்படி, எடுத்து நகர்த்தக்கூடிய ஹீட்டர், ஏசி, ஏர் கூலர் ஆகியவற்றுக்கும், சாதனத்தின் பாதுகாப்பை மாற்றாத சிறு பாகங்களை மாற்றுவதற்கும் பெர்மிட் வேண்டாம். கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட், மோட்டார், ஃபில்டர் மாற்றுவது இந்த ரகம். பெர்மிட் வேண்டாம் என்பதால் விதிகளே பொருந்தாது என்று ஆகிவிடாது. அந்த விதித்தொகுப்பே அதையும் எழுதி வைத்திருக்கிறது.

சுவரில் மாட்டும் மினி ஸ்பிளிட்டைச் சிலர் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு. அதற்குத் தனி மின்சுற்றும், சுவரைத் துளைத்துச் செல்லும் குழாயும், நீர் வடிகாலும் உண்டு, பெர்மிட் வேண்டும்.

உறைபனிக் காலத்து நள்ளிரவில் ஃபர்னஸ் நின்றுவிட்டால் பெர்மிட்டுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அவசர மாற்று வேலையை உடனே செய்துவிட்டு, அடுத்த அலுவலக நாளில் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம் என்று அதே விதித்தொகுப்பு இடம் தருகிறது. இந்த வசதி இருப்பது தெரியாமல், "அவசரம் என்பதால் பெர்மிட் எடுக்க நேரமில்லை" என்ற பேச்சுக்குப் பலர் தலையாட்டிவிடுகிறார்கள்.

பெர்மிட்டை யார் எடுக்க வேண்டும்? ஒப்பந்ததாரர் என்னையே எடுக்கச் சொல்கிறார்.

வேலை செய்பவர்தான் எடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் பெயரில் எடுத்தால் நீங்களே வேலையைச் செய்வதாக, அல்லது நீங்களே முன்னின்று நடத்துவதாகக் கையெழுத்திடுகிறீர்கள். அந்தப் படிவத்தின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வாசகங்களைப் படித்துப் பாருங்கள்: வேலையில் குறை இருந்தால் பொறுப்பு உங்களுடையது, வேலையாளுக்கு அடிபட்டால் நீங்கள் முதலாளியாகக் கருதப்படலாம். ஒருவர் உங்களைப் பெர்மிட் எடுக்கச் சொல்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: அவரிடம் லைசென்ஸ் இல்லை, அல்லது அது காலாவதியாகவோ முடக்கப்பட்டோ இருக்கிறது. கட்டடத் துறையின் கணினி அவருடைய எண்ணை ஏற்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெர்மிட் இல்லாமல் செய்தால் விலை குறையும் என்கிறாரே?

குறையும். பெர்மிட் கட்டணம் மிச்சம், இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருக்கும் அரைநாள் மிச்சம், சோதனையில் தேறாவிட்டால் திரும்பி வந்து சரிசெய்யும் செலவும் மிச்சம். இந்த மூன்றாவது மிச்சம்தான் எனக்குக் கவலை தருகிறது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்த வேலையில், பரணுக்குள் கடைசி இணைப்பை எவ்வளவு கவனமாகச் செய்வார்கள்?

சின்ன ஒப்பந்ததாரர்களின் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. நேர்மையாகப் பெர்மிட் எடுப்பவரின் விலை, எடுக்காதவரின் விலைக்கு முன்னால் எப்போதும் அதிகமாகத்தான் தெரியும். அதனால்தான் வீட்டுக்காரர்கள் விலைப்பட்டியல் கேட்கும்போதே, பெர்மிட்டையும் இன்ஸ்பெக்‌ஷனையும் தனி வரியாக எழுதித் தாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு சமமாக இருக்கும்.

இன்ஸ்பெக்டர் வந்து அப்படி என்னதான் பார்ப்பார்? பத்து நிமிடத்தில் போய்விடுகிறாரே.

பத்து நிமிடத்தில் அவர் கண் போகும் இடங்களைச் சொல்கிறேன்.

வெளியே நிற்கும் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் குறைந்தபட்ச மின்கம்பித் திறன், அதிகபட்ச பிரேக்கர் அளவு என்று இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். புதிய யூனிட்டுகள் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால், தகட்டில் அதிகபட்சம் 30 ஆம்பியர் என்று இருக்கும். மின்பெட்டியில் பழைய யூனிட்டுக்காகப் போட்ட 40 ஆம்பியர் பிரேக்கர் அப்படியே இருக்கும். ஏசி நன்றாகவே ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. உள்ளே கோளாறு வரும் நாளில் துண்டிக்க வேண்டிய நேரத்தில் பிரேக்கர் துண்டிக்காது. சோதனையில் தேறாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் இது ஒன்று.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் யூனிட்டிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில், எளிதில் கை போகும்படி இருக்கிறதா என்று பார்ப்பார். பழுதுபார்க்க வருபவரின் உயிர் அதில் இருக்கிறது. வாயு நிரப்பும் வாய்களில் பூட்டு மூடி இருக்கிறதா என்று பார்ப்பார். போதைக்காக வாயுவை முகர்ந்து சிறுவர்கள் உயிரிழந்த பிறகு வந்த விதி அது. யூனிட் பரணில் இருந்தால், அதன் அடியில் நீரைப் பிடிக்கும் இரண்டாவது தட்டும், நீர் வடிகாலில் அடைப்பு ஏற்பட்டால் யூனிட்டை நிறுத்தும் மிதவை சுவிட்சும் இருக்கிறதா என்று பார்ப்பார். இவை இல்லாவிட்டால் ஒரு கோடைக்காலத்தில் கூரைப்பலகை ஊறிக் கீழே வரும்.

எரிவாயு ஃபர்னஸ் என்றால் சோதனையின் பொருளே வேறு. பழைய ஃபர்னஸும் சுடுநீர்த் தொட்டியும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். புதிய உயர்திறன் ஃபர்னஸ் தன் புகையைப் பிளாஸ்டிக் குழாய் வழியே சுவருக்கு வெளியே தள்ளிவிடும். அப்போது அந்தப் பெரிய புகைபோக்கியில் சுடுநீர்த் தொட்டி மட்டும் தனியே எஞ்சுகிறது. அதன் சிறிய சூடு அவ்வளவு அகலமான புகைபோக்கியைச் சூடாக்கப் போதாது. புகை மேலே ஏறாமல் குளிர்ந்து வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஃபர்னஸ் மாற்றியவர் தன் வேலையைக் குறையில்லாமல் முடித்திருப்பார், தொட்டியை அவர் தொட்டிருக்கவே மாட்டார். இந்த ஆபத்தை முதலில் கவனிப்பவர் பல வீடுகளில் இன்ஸ்பெக்டராகத்தான் இருப்பார். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று அவர் கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.

யூனிட்டின் அளவைக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்று கேட்கிறார்களே?

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை நீக்கும் திறன். ஒரு வீட்டுக்கு எத்தனை டன் வேண்டும் என்பதைச் சுவர், ஜன்னல், கூரைக் காப்பு, திசை, ஊரின் தட்பவெப்பம் எல்லாம் வைத்துக் கணக்கிடும் முறைக்கு மேனுவல் ஜே என்று பெயர். அந்தக் கணக்குக்கு ஏற்ற இயந்திரத்தைத் தேர்வதற்கு மேனுவல் எஸ். குடியிருப்பு விதித்தொகுப்பு இவற்றைக் கேட்கிறது. பல கட்டடத் துறைகள் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்கின்றன. பழைய யூனிட்டின் அளவையே திரும்பப் போடுவது, அல்லது "எதற்கும் இருக்கட்டும்" என்று அரை டன் கூட்டுவது பரவலான பழக்கம். தேவைக்கு மேல் பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். ஈரப்பதத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. வீடு குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கும்.

2025-இல் வாயு விதி மாறியதாமே. அதற்கும் லைசென்ஸுக்கும் என்ன தொடர்பு?

2020 டிசம்பரில் நிறைவேறிய ஏய்ம் சட்டத்தின் கீழ், வீடுகளில் புதிதாக நிறுவும் ஏசி, ஹீட் பம்ப் அமைப்புகளின் வாயுவுக்குப் புவி வெப்பமாதல் குறியீடு (வெளியேறினால் புவியை எவ்வளவு சூடாக்கும் என்ற அளவு) 700-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பை இ.பி.ஏ. 2025-இலிருந்து கொண்டுவந்தது. ஆர்-410ஏ-வின் குறியீடு 2,088. அதன் இடத்துக்கு வந்திருப்பவை ஆர்-32 (675), ஆர்-454பி (466). உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடும் 410ஏ யூனிட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அதைப் பழுதுபார்க்கலாம், வாயு நிரப்பலாம்.

புதிய வாயுக்கள் மிதமாகத் தீப்பற்றக்கூடியவை. அவற்றின் சிலிண்டரில் சிவப்புப் பட்டையும், எதிர்த்திசையில் சுழலும் மரையும் இருக்கும். 608 சான்றிதழ் பழையதாக இருந்தாலும் செல்லும். புதிதாக எழுத வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வாயுக்களுக்கான தனிப் பயிற்சியை எடுத்துக்கொண்டவரையே நான் வீட்டுக்குள் அழைப்பேன். கசிவு உணரி, அறையின் பரப்புக்கு ஏற்ற வாயு அளவு என்று இன்ஸ்பெக்டர் பார்க்கவேண்டிய இடங்களும் கூடியிருக்கின்றன.

யூனிட்டின் மின்சிக்கனத் திறன் விதியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

முழுக்க அவரை நம்ப முடியாது. 2023 ஜனவரி 1 முதல் சீர்2 என்ற மின்சிக்கன அளவீடு நடைமுறையில் இருக்கிறது; எண் கூடக்கூடச் சிக்கனம் கூடும். வழக்கமான வீட்டு ஸ்பிளிட் ஏசிக்கு வட மாநிலங்களில் குறைந்தபட்சம் 13.4, தென் மாநிலங்களில் 45,000 பி.டி.யு.-க்குக் குறைந்தவற்றுக்கு 14.3. வடக்கே விற்கத்தக்க யூனிட்டைத் தெற்கே நிறுவினால் அது விதிமீறல்.

பாண்டும் இன்சூரன்ஸும் ஒன்றா?

இரண்டும் வேறு. ஒப்பந்ததாரரால் உங்கள் சுவர் இடிந்தால், தீப்பிடித்தால் கைகொடுப்பது பொதுப் பொறுப்புக் காப்பீடு. அவருடைய ஆள் ஏணியிலிருந்து விழுந்தால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. அவர் சட்டத்தை மீறி உங்களுக்கு நட்டம் ஏற்படுத்தினால், வரம்புக்கு உட்பட்டு பாண்டிலிருந்து கோரலாம். அந்தப் பாண்டு அவருடைய எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவானது; உங்களுக்கு முன்னால் நால்வர் கோரியிருந்தால் மிஞ்சுவது சொற்பம். காப்பீட்டுச் சான்றை ஒப்பந்ததாரரிடம் வாங்குவதைவிட, காப்பீட்டு முகவரே உங்களுக்கு நேரடியாக அனுப்பும்படி கேட்பது நல்லது.

லைசென்ஸை எப்படிச் சரிபார்ப்பது?

மாநில வாரியத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எண் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது நடப்பில் இருக்கிறதா, வகை சரிதானா, அதில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நண்பரின் எண்ணைக் கடன் வாங்கி வேலை செய்பவர்கள் இந்தப் பெயர்ப் பொருத்தத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

கலிஃபோர்னியாவில் வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்துக்கு 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் சட்ட வரம்பு. பாதித் தொகையை முதலிலேயே கேட்பவர் அந்த மாநிலத்தில் சட்டத்தை மீறுகிறார். வீடு தேடி வந்து விற்றவரிடம் வீட்டிலேயே கையெழுத்திட்டிருந்தால், பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையை மத்திய வணிக ஆணையத்தின் விதி தருகிறது. நீங்களே அவசரப் பழுதுக்குக் கூப்பிட்ட வேலைக்கு இது பொருந்தாது.

லைசென்ஸ் இல்லாதவர் வேலையை முடித்துவிட்டார். பணம் கொடுக்க வேண்டுமா?

கலிஃபோர்னியாவில் அவர் வழக்குப் போட்டுப் பணம் வாங்க முடியாது. வேலை அருமையாக இருந்தாலும் முடியாது. கொடுத்த பணத்தை நீங்கள் திரும்பக் கோரவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: லைசென்ஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்பு தொடங்கிய வேலைகூட முழுத் தொகையையும் இழக்கவைக்கும். மற்ற மாநிலங்களில் கடுமை கூடும், குறையும்.

என் சொந்த வீட்டில் நானே செய்யலாமா?

பல மாநிலங்கள் தாம் குடியிருக்கும் வீட்டில் உரிமையாளரே வேலை செய்ய இடம் தருகின்றன. பெர்மிட்டும் சோதனையும் அப்போதும் உண்டு. வாயுச் சுற்றைத் தொட 608-உம் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது.

1978-க்கு முன் கட்டிய வீடு. தனியாக ஏதாவது விதி உண்டா?

உண்டு. டக்ட் (காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்) போடுவதற்காகச் சுவரை உடைக்கும்போது, உள்ளே ஒரு அறையில் 6 சதுர அடிக்கு மேலோ வெளியே 20 சதுர அடிக்கு மேலோ பழைய பெயின்ட் கலைந்தால், ஈயப் பெயின்ட் விதிக்கான இ.பி.ஏ. சான்று பெற்ற நிறுவனம்தான் அதைச் செய்ய வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கேளுங்கள். பழைய டக்ட்டின் இணைப்புகளில் வெள்ளை நாடா சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், கிழித்துப் பார்க்காதீர்கள்.

பெர்மிட் எடுத்தார்; ஆனால் இறுதிச் சோதனைக்கு அழைக்கவே இல்லை. என்ன ஆகும்?

பெர்மிட் திறந்தபடியே கிடக்கும். வழக்கமான விதியின்படி 180 நாட்களுக்குள் வேலை தொடங்காவிட்டாலோ இடையில் அவ்வளவு காலம் நின்றுவிட்டாலோ அது காலாவதியாகும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞரோ முகவரோ கட்டடத் துறைப் பதிவைப் பார்ப்பார். அங்கே உங்கள் ஏசி முடிக்கப்படாத வேலையாக நிற்கும். அதற்குள் ஒப்பந்ததாரர் தொழிலையே விட்டுவிட்டிருக்கலாம். அப்போது நீங்களே கட்டடத் துறைக்குப் போய்ப் பெர்மிட்டைப் புதுப்பித்து, இப்போது நடப்பில் உள்ள விதிப்படி சோதனைக்கு உட்பட வேண்டிவரலாம். மறைத்துவிட்ட குழாயைக் காட்டச் சுவரைத் திறக்கச் சொல்வதும் உண்டு. கடைசித் தவணையை இறுதிச் சோதனை தேறிய பிறகே தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது இதற்கு நல்ல மருந்து.

வேலை முடிந்ததும் என்னென்ன காகிதங்களை வாங்கி வைக்க வேண்டும்?

இறுதிச் சோதனையில் தேறியதற்கான கையெழுத்திட்ட பெர்மிட் அட்டை அல்லது அதன் நகல், மேனுவல் ஜே கணக்கு, யூனிட்டின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள பில், உத்தரவாதம் பதிவு செய்யப்பட்டதற்கான சான்று. பல தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் உத்தரவாதக் காலத்தைக் குறைத்துவிடுவார்கள். பொருள் கொடுத்த கடைக்கும் துணை ஒப்பந்ததாரருக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற உரிமை விடுப்புக் கடிதமும் வேண்டும்; அது இல்லாவிட்டால், நீங்கள் முழுப் பணமும் கொடுத்த பிறகுகூட அவர்கள் உங்கள் வீட்டின் மீது பற்றுரிமை (பாக்கிக்கு வீட்டையே பிணையாக்கும் உரிமை) கோர முடியும்.